எல்ராய் வீட்டு பீர் குழாய்

முடிதான் தம்பி, வேற என்ன. அந்தத் தட்டு ஓட்டையிலேருந்து நல்லா இழு, வரும். ஐயையோ, இவ்வளவு நீளமா வருது! அந்த வெள்ளை முடி ஃபிலிஸோடது, செம்பட்டை பெர்னடீனோடது. எங்க வீட்டுக்காரரு முடியா? அவருக்கு முடி கொட்டி முப்பது வருசம் ஆச்சு. இந்தா, இந்தப் பையில போட்டு மூடு. அவரு மேலதான் இருக்காரு, சத்தம் போடாத.

ஒரு கிளாஸ் குடிக்கிறியா? வேண்டாமா? வேலை நேரமா. ம்ம். ஜில்லா பூரா பார் பாரா ஏறி பீர் குழாய் கழுவுற ஆளு நீ, உனக்கு வேலை நேரம்னு தனியா ஒண்ணு இருக்கா? சரி, விடு.

நீ கேக்குறது நியாயம்தான். பீர் ஊத்துற இடத்துல பொம்பளைங்க முடி எப்படி வந்துச்சுன்னா, அத முதல்லேருந்து சொல்லணும். நீ பாட்டுக்கு வேலையப் பாரு, நான் சொல்றேன்.

இங்க முன்னாடி ஒரு சின்ன பார் இருந்துச்சு. ஊர்ல எல்லா வீட்டுலயும் கீழ்த்தளத்துல இருக்குமே, அதான். ஒரு கவுன்ட்டர், ஒரு சிங்க், ஒரு தண்ணிக் குழாய், ரெண்டு பிராந்தி பாட்டில். பாருன்னு பேருதான். அந்த சிங்க்குல கிளாஸ் கழுவுனத விட நான் தலை கழுவுனதுதான் ஜாஸ்தி. சலூன்லேருந்து ரிட்டயர் ஆனப்புறம் வியாழக்கிழமை ஆனா அஞ்சு பொம்பளைங்க வருவாங்க. தலைய அலசி, சுருள் மாட்டி, ஊர்ல யாருக்கும் யாருக்கும் சண்டைங்கிறது வரைக்கும் பேசி முடிச்சுத்தான் அனுப்புவேன். பதினெட்டு வருசம். பனிப்புயல் அடிச்ச அன்னைக்குக்கூட பெர்னடீன் பனி தள்ளுற வண்டியில தொத்திக்கிட்டு வந்தா.

இந்த மார்ச்ல எங்க அக்காவப் பாக்க டுலூத் போனேன். நாலே நாள். திரும்பி வந்து பாத்தா சிங்க்கக் காணோம்! எங்க வீட்டுக்காரரு எல்ராய் இங்க நின்னுக்கிட்டுப் பல்லக் காட்டுறாரு. கவுன்ட்டர்ல ஓட்டை, ஓட்டையில பித்தளைத் தூணு, தூணுல குழாய். கீழ குளிர்பெட்டி, அதுக்குள்ள பீப்பாய், பக்கத்துல கேஸ் சிலிண்டர். என் சிங்க் இருந்த எடத்துல இந்தத் தட்டு, சிந்துற பீர் வடியறதுக்கு. கைப்பிடி அவரே மரத்துல செதுக்குனது. மீனாம். நான் செருப்புன்னு நெனச்சேன். நீயே சொல்லு, மீன் மாதிரியா இருக்கு?

என் சிங்க் எங்கங்கன்னேன். இனிமே நீ குனிஞ்சு நிமிந்து முதுகு ஒடிய வேண்டாம் மார்லிஸ், ரெஸ்ட் எடுன்னாரு. பாத்துக்க, எனக்காகச் செஞ்சாராம்! சனிக்கிழமை நாலு மணிக்கு அவரு கூட பந்து உருட்டி பௌலிங் ஆடுற நாலு பேரு வருவாங்களாம், நான் சீஸ் பொரிச்சுத் தரணுமாம். நல்லா இருக்குல்ல ரெஸ்ட்டு!

வந்தாங்க. ஹார்லனும் அவன் கூட மூணு பேரும். குடிச்சாங்க, பாடுனாங்க, எல்ராய் நீ ராஜாடான்னாங்க. மனுசன் முகத்த அன்னைக்குப் பாக்கணும். அவ்வளவுதான். அடுத்த சனிக்கிழமையிலேருந்து ஒருத்தனும் வரல.

கேட்டா, ஹார்லன் மான் வேட்டைக்குப் போறேங்கிறான். மே மாசத்துல! மான் வேட்டை நவம்பர்லன்னு நம்ம ஊர்ல தொட்டில்ல கெடக்குற புள்ளைக்குத் தெரியும். இன்னொருத்தன் பேத்திக்கு ஞானஸ்நானம்னான். அந்தப் பேத்தி காலேஜ் படிக்குது. எல்ராய் நம்பிட்டாரு தம்பி. ஹார்லன் இப்பவே எடம் பாத்து வைக்கப் போயிருப்பான்னு எனக்கே விளக்கம் சொல்றாரு. நம்ம ஊர்க்காரங்களத்தான் உனக்குத் தெரியுமே, மூஞ்சிக்கு நேரா ஒரு வார்த்தை சொல்ல மாட்டாங்க. வீடு பத்தி எரிஞ்சாலும், இன்னைக்குக் கொஞ்சம் வெக்கையா இருக்குல்லன்னுதான் சொல்வாங்க.

சனிக்கிழமை ஆனா நாலு கிளாஸத் தொடைச்சு வரிசையா வைப்பாரு. இந்த ஸ்டூல்ல உக்காந்து படிக்கட்டையே பாத்துக்கிட்டிருப்பாரு. ஆறு மணிக்கு நாலையும் திரும்ப அடுக்கிட்டு மேல வந்து சூப் குடிப்பாரு. மறுநாள் பீப்பாயத் தூக்கிப் பாத்துட்டு, கனம் கொறையல மார்லிஸ்னு சொல்வாரு. நூத்தி அறுபத்தஞ்சு கிளாஸ் புடிக்கும் அதுல. தனியா உக்காந்து ஒரு சொட்டு தொட மாட்டாரு. கூட ஆளில்லாம குடிச்சா அது குடிகாரத்தனமாம்.

எனக்குத் தாங்கல தம்பி. பீர்ல அலசுனா முடி பளபளங்கும்னு சலூன் காலத்துலயே எனக்குத் தெரியும். ஜூன் மாசம் ஒரு வியாழக்கிழமை ஃபிலிஸ வரச் சொன்னேன். ஹார்லன் பொண்டாட்டிதான். அவ தலைய இந்தத் தட்டுல சாய்ச்சேன். வாய இறுக்க மூடிக்கிட்டுத்தான் சாஞ்சா. செருப்புக் கைப்பிடிய இழுத்தேன் பாரு, ஐஸாட்டம் பீர்! மூடுன வாய் தெறந்து அவ போட்ட கூச்சல்ல பக்கத்து வீட்டு நாய் ரெண்டு நாளு சோறு திங்கல. ஆனா முடி காஞ்சப்புறம் கண்ணாடியப் பாத்துக்கிட்டு சின்னப் பொண்ணு கணக்கா சிலுப்புறா. அடுத்த வாரம் அஞ்சு பேரும் கியூ. ஆளுக்கு ஆறு கிளாஸ். பெர்னடீனுக்கு எட்டு, அவளுக்கு அடர்த்தி. அஞ்சு வாரத்துல பீப்பாய் காலி!

சர்ச்சுல முதல் வரிசை பூரா பீர் நெடி. போதகர் மோந்து பாத்துட்டு மூணு வாரமா குடிய விடச் சொல்லிப் பிரசங்கம் பண்றாரு. இவளுங்க அஞ்சு பேரும் ஆமென் ஆமென்னு தலைய ஆட்டுறாளுங்க. ஆட்ட ஆட்ட வாசம் தூக்குது.

எல்ராய்க்கா? தெரியாது. வியாழக்கிழமை அவரு சர்ச்சுல புல்லு வெட்டப் போயிருவாரு. வந்து பீப்பாயத் தூக்கிப் பாத்துட்டு, உன் தோழிங்களா இவ்வளவும் குடிச்சாங்கன்னாரு. ஆமான்னேன். அதுலேருந்து ஃபிலிஸ எங்க பாத்தாலும் தொப்பியக் கழட்டுறாரு.

சந்தோஷப்பட்டாரு, பட்டாரு, புதுப் பீப்பாயும் வாங்கி மாட்டுனாரு. ஆனா சனிக்கிழமை வந்தா திரும்ப அதே நாலு கிளாஸ், அதே ஸ்டூல்.

என்ன பாக்குற? கேஸ் பிரஷரா? முப்பதுல நிக்குதா. பன்னெண்டுதான் இருக்கணும்னு எனக்கும் தெரியும். நேத்து நான்தான் திருகி வச்சேன். திருகுனாத்தான நுரை பொங்கும், நுரை பொங்குனாத்தான அவரு உன்னக் கூப்பிடுவாரு. குழாய்க்கு ஒரு கேடும் இல்ல தம்பி. அந்த முடியத்தான் எடுக்க மறந்துட்டேன்.

நீ ஏன் குடிக்க மாட்டேன்னு சொன்னன்னும் எனக்குத் தெரியும். வேலை நேரமாம்! எல்ராய் வீட்டு பீரக் குடிச்சா மூணு நாளைக்குக் கக்கூஸ விட்டு எந்திரிக்க முடியாதுன்னு உனக்கும் சொல்லியிருப்பாங்க. யாரு, ஹார்லனா? ஹார்லனுக்கு ஃபிலிஸ் சொன்னா. ஃபிலிஸுக்கு நான் சொன்னேன்.

ஆமா, நான்தான். சிங்க் போன எரிச்சல்ல, அந்த சீஸ் பொரிச்ச மறுவாரம் ஒருநாள் போன்ல அள்ளி விட்டுட்டேன். குழாய் பூரா பூஞ்சை, எங்க வீட்டுக்காரரு மூணு நாளா கக்கூஸுக்குள்ளயே இருக்காருன்னு. பொழுது சாயறதுக்குள்ள ஊர் பூரா போயிருச்சு. அலச வரும்போது அஞ்சு பேரும் ஏன் வாய மூடிக்கிறாளுங்கன்னு நெனச்ச? ஒரு சொட்டு உள்ள போயிரக் கூடாதுன்னுதான்.

நானே போயி ஒத்துக்கலாம்தான். அது இவரு காதுக்கு வரும். என் பொண்டாட்டிக்குப் பொய் சொல்லவே வராதுன்னு நாப்பத்தோரு வருசமா பெருமையடிச்சுக்கிட்டிருக்க மனுசன் தம்பி அவரு. அதோட நான் சொன்னா அது பொண்டாட்டி பேச்சு. நீ சொன்னா அது தீர்ப்பு. இன்னைக்கு வெள்ளிக்கிழமை, மீன் வறுவல் திங்க ஊரே பார்லதான் உக்காந்திருக்கும், ஹார்லனும் இருப்பான். நீ நேரா அங்கதான போற? எல்ராய் வீட்டுக் குழாய் கணக்கா சுத்தம் ஜில்லாவுலயே இல்லன்னு ஒரு வார்த்தை. கொஞ்சம் சத்தமா சொல்லு. நாளைக்கு சனிக்கிழமை.

அந்தப் பிரஷரக் கொறைச்சிரு. அந்த முடிப் பைய உன் பெட்டிக்குள்ள போடு. படியில சத்தம் கேக்குது, அவருதான்.

வாங்க எல்ராய், மெதுவா. சரியாயிருச்சாம், வெறும் நுரைதானாம். இந்தத் தம்பிக்குத் தாகமா இருக்காம், ஒரு கிளாஸ் ஊத்துங்க. அந்த நாலுல ஒண்ணையே எடுங்க, பரவால்ல.

என்ன தம்பி கையில வச்சுக்கிட்டு முழிக்கிற? குடி. அவரு உன்னையே பாத்துக்கிட்டிருக்காரு.