முதல் அடி இல்லாத டேப்

வீட்டு வரி புரியாத விஷயம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அப்படியொன்றும் இல்லை ஐயா. நீளம், அகலம், கூரை என்ன கூரை, வாசல் எத்தனை, ஆள் குடியிருக்கிறதா இல்லையா. இந்த ஐந்தும் தெரிந்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகூடக் கணக்குப் போட்டுவிடும். முப்பத்தொரு வருஷமாக இதைத்தான் கவுன்ட்டரில் உட்கார்ந்து எடுத்துச் சொன்னேன். கோபப்பட்டுக் கத்துகிறவர்களிடம்கூட நான் குரலை உயர்த்தியதில்லை.

அந்த டெய்லரம்மாவும் அப்படித்தான் முதலில் வந்தார். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. ஊர்க் கடைசியில், பாழடைந்த செங்கல் சூளையைத் தாண்டி அவர் வீடு. வீடு என்றால் ஒரு கூடம், ஓர் அறை, ஒரு தையல் மெஷின். வரி கட்ட முடியவில்லை, பாக்கி நிற்கிறது, இன்னொரு தவணை தவறினால் வீடு ஏலத்துக்குப் போய்விடும் என்று அழாக்குறையாக நின்றார். எனக்குப் பாவமாக இருந்தது. இரண்டு வாசல் இருந்தால் இரண்டு குடித்தனம் என்று கணக்கு வரும், பின்வாசலை அடைத்துவிட்டால் வரி குறையும் என்று நான்தான் வழி சொன்னேன். கொத்தனாரைக் கூப்பிட்டு அடைத்துவிட்டார். உங்களுக்குப் புண்ணியமாப் போகும் சார் என்றார். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

டேப் விஷயத்துக்கு வருகிறேன். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம் என் அளவு டேப் ஒரு இரும்புக் கேட்டில் மாட்டி முதல் ஓர் அடி பிய்ந்துபோனது. புது டேப் கேட்டு எழுதிப் போட்டேன். இன்னும் வரவில்லை. ஒன்றிலிருந்து அளந்து, எழுதும்போது ஓர் அடியைக் கழித்துவிடுவேன். ஒரு நாள் நல்ல வெயில். ஒரு தெரு முழுக்கக் கழிக்காமலே எழுதிவிட்டேன். நோட்டீஸ் எல்லாம் போன பிறகுதான் தெரிந்தது. திருத்தப் போனால் என் வேலை போகும். அதனால் மற்ற தெருக்களுக்கும் கழிப்பதை நிறுத்திவிட்டேன். ஒருத்தருக்கு ஒரு நியாயம், இன்னொருத்தருக்கு ஒரு நியாயம் என்று இருக்கக் கூடாது இல்லையா. என் சொந்த வீட்டையும் அதே டேப்பில்தான் அளந்தேன். நானும் கூடுதலாகத்தான் கட்டினேன்.

இத்தனை வருஷத்தில் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் அவர் தையல்காரி. கழுத்தில் போட்டிருக்கும் இஞ்சு டேப்பை வைத்து, முட்டிவலியோடு தரையில் தவழ்ந்து, தன் வீட்டைத் தானே அளந்திருக்கிறார். துணிக்கு அளவு எழுதும் சின்ன நோட்டில் எழுதிக்கொண்டு வந்தார்.

"நாலு தடவை அளந்துட்டேன் சார். எந்தச் செவுத்தப் பாத்தாலும் உங்க கணக்குல சரியா ஒரு அடி கூட வருது. சட்டையா இருந்தா பிரிச்சுப் பிடிச்சுக் கொடுத்துடுவேன். வீட்ட என்ன பண்றது?"

நான் நோட்டை மூடி அவர் பக்கம் நகர்த்தினேன்.

"உங்கள மாட்டிவிடணும்னு எனக்கு ஆசை இல்லீங்க. என் வீட்ட மட்டும் சரி பண்ணிக் கொடுங்க, போதும்."

அவர் நல்லபடியாகத்தான் கேட்டார். ஆனால் ஒரு வீட்டைத் திருத்தினால் ஏன் திருத்தினாய் என்று மேலே கேட்பார்கள். எனக்கு ஓய்வு பெற நான்கு மாதம் இருந்தது. பார்க்கிறேம்மா என்றேன். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவர் மனுப் போட்டார். திங்கட்கிழமை பதினொரு மணிக்குப் பெரிய அதிகாரி முன்னால் விசாரணை. மனுப் போட்டவர் வராவிட்டால் மனு தள்ளுபடி. அன்றைக்கு ஒரு நாள் அவர் வராமல் இருந்தால் போதும் என்று நினைத்தேன். வேறு கெட்ட எண்ணம் எதுவும் எனக்கு இல்லை.

ஆளில்லாத வீட்டுக்கு ஒரு விதி உண்டு. மூன்று முறை கதவைத் தட்ட வேண்டும். யாரும் திறக்காவிட்டால் ஆளில்லை என்று எழுதி, ஆபீஸ் பூட்டைப் போட்டுச் சீல் வைக்கலாம். திங்கட்கிழமை காலை எட்டரைக்குப் போனேன். உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கிளம்புவதற்குள் யாருக்கோ தைத்து முடிக்கிறார் போலிருக்கிறது. மூன்று முறை தட்டினேன். எவ்வளவு பலமாகத் தட்ட வேண்டும் என்று விதியில் இல்லை. கொண்டியை மாட்டிப் பூட்டிச் சீல் வைத்தேன். அதுவரை மெஷின் நிற்கவே இல்லை.

பதினொரு மணிக்கு மூன்று தடவை பெயரைக் கூப்பிட்டார்கள். மனு தள்ளுபடியானது.

சாயங்காலம் திறந்துவிடத்தான் போனேன். சத்தியமாகச் சொல்கிறேன். சாவியைக் கையில் எடுத்துவிட்டேன். கதவுக்குப் பின்னாலிருந்து தொண்டை கட்டின குரலில் அவர் பேசினார்.

"சார், நீங்கதானே? உங்க செருப்புச் சத்தம் எனக்குத் தெரியும். தெறந்துடுங்க சார். நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

அவர் பேசாமல் இருந்திருந்தால் திறந்திருப்பேன். நான்தான் என்று அவருக்குத் தெரிந்த பிறகு எப்படித் திறப்பது? நீங்களே சொல்லுங்கள். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பிறகு செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு சூளை வரைக்கும் வெறுங்காலோடு நடந்தேன்.

ஆளில்லாத வீடுகளின் பட்டியல் தானாகவே தண்ணீர்க்காரருக்குப் போய்விடும். செவ்வாய்க்கிழமை குழாயை மூடியிருக்கிறார்கள். அது என் கையில் இல்லை. துணி வாங்க வந்தவர்கள் தூரத்திலேயே சீலைப் பார்த்து, பாவம், வீடு கைவிட்டுப் போய்விட்டது என்று திரும்பியிருக்கிறார்கள். நான் புதன், வியாழன் இரண்டு நாள் லீவு போட்டேன். முகம் வெளுத்திருக்கிறதே, டாக்டரைப் பார்க்கலாமா என்று என் மனைவி கேட்டாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த இரண்டு நாளும் நான் பட்ட பாடு யாருக்கும் வேண்டாம்.

சனிக்கிழமை மனசு கேட்காமல் மறுபடி போனேன். வெளியிலிருந்தே வீட்டைச் சுற்றி அளந்தேன். இந்த முறை ஓர் அடியைக் கழித்து எழுதினேன். அவர் சொன்னதுதான் சரி. வரி நன்றாகவே குறைந்தது, பாக்கியும் ஏறக்குறைய அடிபட்டுப் போயிருக்கும். அந்த நல்ல சேதியைச் சொல்லத்தான் கதவைத் தட்டினேன். விதிப்படி மூன்று முறை, கை வலிக்கப் பலமாகத் தட்டினேன்.

யாரும் குரல் கொடுக்கவில்லை. பூட்டு என்னுடையது, சாவி என் சட்டைப் பையில் இருந்தது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஐயா, ஆளில்லை என்று நான் எழுதியது பொய் என்கிறீர்களே, அந்தச் சனிக்கிழமை அது சரியாகத்தான் இருந்தது.