இன்னிக்கும் பெட் இல்லையாம்

அந்த ஹோட்டலில் காலைச் சாப்பாடு நன்றாக இருக்கும். அவித்த முட்டை, சூடான ரொட்டி, பாலாடை, பச்சைத் தேநீர். தாஷ்கண்டில் இதய மருத்துவமனைக்குப் பின்தெருவில் இருக்கிறது. எங்களைப் போல வெளியூரிலிருந்து நோயாளியோடு வருகிறவர்கள்தான் தங்குவார்கள். அறையில் இரண்டு ஒற்றைக் கட்டில், ஒரு கெட்டில், வெந்நீர்க் குழாய். குறை சொல்ல ஒன்றுமில்லை.

மருத்துவமனைப் பதிவு மேசையில் இருந்த ஃபெருஸா எங்களைத் தினமும் திருப்பி அனுப்பினாள் என்று என் தம்பி குவான்ச் புகார் கொடுத்திருக்கிறான். அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டதாக நேற்றுத்தான் கேள்விப்பட்டேன். அதனால்தான் உங்களிடம் வாக்குமூலம் கொடுக்க நானாக வந்தேன். அவள் எங்களைத் திருப்பி அனுப்பவில்லை. முதல் நாளே, "பெட் ஒதுக்கியாச்சுண்ணே. நாளைக்குக் காலையில அப்பாவக் கூட்டிட்டு வந்துடுங்க. அந்த வால்வு ரொம்ப நாள் தாங்காது" என்றாள்.

நான் அறைக்கு வந்து, பெட் இல்லை என்று அப்பாவிடம் சொன்னேன்.

நீண்ட ரயில் பயணம். ஒரு நாள் ஓய்வெடுக்கட்டும் என்று நினைத்தேன். முதல் நாள் அவ்வளவுதான் நினைத்தேன்.

எங்கள் ஹோரெஸ்ம் பக்கத்து வழக்கம் உங்களுக்கும் தெரிந்ததுதான். கல்யாணமானதும் மூத்தவன் தனிவீடு போக வேண்டும். கடைக்குட்டி அப்பாவோடு இருப்பான். வீடும் அவனுக்கு, அப்பாவும் அவனுக்கு. நான் அடுத்த தெருவில் இருந்தேன். வெள்ளிக்கிழமைகளில் போவேன். பருத்திக்குத் தண்ணீர் விட்டாயா என்று அப்பா கேட்பார். பிறகு என் தலைக்கு மேலாக வாசலைப் பார்த்து, குவான்ச் எங்கே என்பார். இந்தமுறை தம்பி மனைவிக்குப் பிரசவ நேரம். அதனால் நான் கூட வந்தேன்.

அன்று சாயங்காலம் அப்பாவின் கால்களை வெந்நீரில் கழுவினேன். கணுக்காலில் ஒரு தழும்பு. என் ஐம்பது வயதில் அன்றுதான் அதைப் பார்த்தேன். கால்வாய் வெட்டும்போது மண்வெட்டி பட்டதாம். சிரித்துச் சிரித்துச் சொன்னார். அந்தக் கதை தம்பியின் சின்ன மகனுக்குக்கூடத் தெரியும் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

மறுநாள் ஃபெருஸாவிடம், அப்பாவுக்குக் காய்ச்சல் என்றேன். அதற்குப் பிறகு மருத்துவமனைக்குள் போகவே இல்லை. காலையில் கிளம்பி, பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு, வரும்போது பழம் வாங்கி வருவேன்.

"இன்னிக்கும் பெட் இல்லையாம்பா."

"பெரிய ஊரு. நம்மள மாதிரி எத்தனை பேரு வந்து கிடக்குறாங்க. நீ எதுக்கு மூஞ்சியத் தொங்கப்போட்டுக்குற?"

பிறகு இரண்டு கைகளையும் ஏந்தி எனக்காக வேண்டிக்கொள்வார். "நீ எனக்குப் பண்றத உன் புள்ளைங்க உனக்குப் பண்ணட்டும்." ஆமீன் என்று நானும் கைகளால் முகத்தைத் தடவிக்கொள்வேன். அந்த வேண்டுதலை இப்போது நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. எனக்கு மூன்று மகன்கள்.

அறை துடைக்க வரும் ஷாயிரா அக்கா வாசலில் நின்று வம்பிழுப்பாள். "தாத்தா, இந்த மகன வாடகைக்குக் குடுங்களேன். நானும் ரெண்டு பெத்து வச்சிருக்கேன். ஃபோன்ல கூட எட்டிப் பாக்குறதில்ல."

"தரமாட்டேன், போ. இவன் என் பெரியவன். இவன இத்தன நாளா நான் சரியாப் பாக்காமயே இருந்துட்டேன்" என்றார் அப்பா.

இதைக் கேட்ட பிறகு அவரை எப்படிக் கொண்டுபோய் விடுவது? ஆபரேஷன் முடிந்தால் ஊர் திரும்ப வேண்டும். மறுபடியும் வெள்ளிக்கிழமை, பருத்தி, தண்ணீர்.

நாளுக்கு நாள் அவருக்கு அதிகமாக மூச்சு வாங்கியது. ஜன்னலுக்குப் போகவே நடுவில் உட்கார வேண்டியிருந்தது. தலையணைகளை உயர்த்தி வைத்தேன். ரொட்டியைப் பாலில் ஊறவைத்து ஊட்டினேன். அவ்வளவு கவனமாக நான் யாரையும் பார்த்துக்கொண்டதில்லை.

குவான்ச் தொலைபேசியில் கத்தினான். "என்னண்ணே பெட்டு, பெட்டுன்னு! குழந்த பொறந்தாச்சு. நான் ஃப்ளைட் ஏறுறேன். நானே போய் அவங்ககிட்டப் பேசுறேன்."

அவன் போய் ஒரு கேள்வி கேட்டால் போதும், எல்லாம் தெரிந்துவிடும். அது எனக்குப் புரிந்தது.

அவன் வர இருந்த அன்று மத்தியானம் அப்பாவின் உதடு நீலமாகிவிட்டது. ஷாயிரா அக்கா பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, ஆம்புலன்ஸக் கூப்பிடட்டுமா?" என்றாள்.

"வேணாங்க்கா. மாத்திரை குடுத்திருக்கேன். தூங்கட்டும்."

மாத்திரை கொடுக்கவில்லை. கதவைத் தாழிட்டேன். பதற்றத்தில் ஒன்றும் தோன்றவில்லை என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய். தெருவைத் தாண்டினால் மருத்துவமனை. அங்கே தூக்கிக்கொண்டு போனால், ஃபெருஸா முதலில் கேட்பது, ஏன் இத்தனை நாள் வரவில்லை என்பதாகத்தான் இருக்கும். அப்பா காதில் அது விழும். அதை யோசித்துத்தான் உட்கார்ந்திருந்தேன்.

கடைசியில் அவருக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. கையை நீட்டி, "குவான்ச், வந்துட்டியா?" என்றார்.

"வந்துட்டேம்பா" என்றேன்.

ஃபெருஸா மேல் ஒரு குற்றமும் இல்லை. அவளை வேலைக்கு எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பெட் இருந்தது. அப்பாவைச் சாகவிட்டவன் நான்தான்.

ஆனால் அவர் மூச்சு அடங்கும்போது அவர் கை என் கைக்குள் இருந்தது. குவான்ச் அப்போது விமானத்தில் இருந்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.