பின்வாசலில் ஒரு கூடை புல்

வெட்டிய புல்லை என்ன செய்வது என்பது புல்தரை வைத்திருக்கிற எல்லோருக்கும் உள்ள தொல்லைதான். அப்படியே விட்டால் வெயிலில் காய்ந்து தரை முழுக்க வைக்கோல் சிதறியதுபோல ஆகிவிடும். மூலையில் குவித்தால் இரண்டே நாளில் உள்ளே சூடேறிப் புளித்த வாடை வரும். குழியில் போட்டு மண்ணைத் தள்ளினால் ஆறு மாதத்தில் நல்ல எரு. பக்கத்தில் மாடு வைத்திருப்பவர்கள் இருந்தால் எல்லாவற்றையும்விடச் சுலபம். அவர்களே வந்து வாரிக்கொண்டு போவார்கள்.

ஜெயராஜ், இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. நீங்கள் என் எதிரே பிரம்பு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருக்கிறீர்கள். மடித்த காகிதத்தைப் பிரித்து மேஜைமேல் வைக்கிறீர்கள். அது பறக்காமல் இருக்க உங்கள் பேனாவை அதன்மேல் வைக்கிறீர்கள். நான் புல்லைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

"ஒரே ஒரு வரிதாம்மா," என்கிறீர்கள். "வெள்ளிக்கெழமலேர்ந்து திங்கக்கெழம வரைக்கும் ஆதிகேசவன் லீவுல இருந்தான், நான்தான் லீவு குடுத்தேன். அவ்ளோதான். வர்ற திங்கக்கெழம பொன்னேரி கோர்ட்டுல கேஸு. இது இருந்தா அவன் ஊட்டுக்குப் போவான். இல்லாங்காட்டி ரெண்டு வருசமாவது உள்ள போடுவாங்கன்றாரு வக்கீலு."

நீங்கள் என் கணவரின் தொழிற்சாலையில் யூனியன் செயலாளர். அவரைப் பார்க்க வரும்போது குரலை உயர்த்துகிறவர் என்று கேள்வி. என்னிடம் தாழ்த்திப் பேசுகிறீர்கள். நான் மேனேஜர் பூவராகவனின் மனைவி என்பதற்காக இல்லை. நான் நல்லவள் என்று ஆதிகேசவன் உங்களிடம் சொல்லியிருக்கிறான். அவன் இப்போது கேட்டுக்கு வெளியே புங்கமரத்தடியில் நிற்கிறான். ஜாமீனில் வந்ததிலிருந்து உள்ளே வர அவனுக்குத் தயக்கம்.

நடந்தது ஊருக்கே தெரியும். ஜூலை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை இந்த பங்களாவின் புல்லைத் தின்ற மாடு அன்று ராத்திரியே வாயில் நுரை தள்ளிச் செத்தது. அந்த மாட்டின் பாலைக் குடித்த குழந்தை மறுநாள் பொன்னேரி ஆஸ்பத்திரியில் செத்தது. மாடும் அஞ்சம்மாளுடையது, குழந்தையும் அஞ்சம்மாளுடையது. பொம்மிக்கு மூன்று வயது. புல்லில் எண்ட்ரின் என்ற பூச்சிமருந்து இருந்தது, ஊற்றி இரண்டு மூன்று நாளுக்குமேல் ஆகியிருக்காது என்று டாக்டர் எழுதினார். எண்ட்ரின் டின் தோட்டத்துக் கொட்டகையில், ஆதிகேசவனின் அலமாரியில் இருந்தது. கம்பெனிக்குத் தோட்டக்காரன் ஒருவன்தான். போலீஸ்காரர்களுக்கு வேலை சுலபமாக முடிந்தது.

நான் திருவல்லிக்கேணியில் ஒரு சந்து வீட்டில் பிறந்தவள். எங்கள் வீட்டில் மண் என்பதே கிடையாது. முற்றத்துக் கல் இடுக்கில் துளசி மாடம் மட்டும். கும்மிடிப்பூண்டிக்கு வந்தபோது இந்த பங்களாவைச் சுற்றி முள்ளும் மணலும்தான். செம்மண் லாரியில் வந்தது. கட்டுக்கட்டாகப் புல் வந்தது. ஆதிகேசவன் ஒவ்வொரு விரற்கடைக்கும் ஒரு கொத்தாக நட்டான், நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். இரண்டு வருஷத்தில் டிரங்க் ரோட்டில் போகிற பஸ்ஸிலிருந்து ஜனங்கள் எட்டிப் பார்க்கும்படி ஆயிற்று. என் வாழ்க்கையில் நான் உண்டாக்கியது என்று சொல்ல வேறொன்றும் இல்லை.

வாரம் ஒருநாள் அவன் மெஷினைத் தள்ளுவான். முன்னால் இருக்கிற தகரப் பெட்டியில் புல் நிறையும். அந்தப் புல் அஞ்சம்மாளுக்கு. யார் எப்போது முடிவு செய்தார்கள் என்று தெரியாது. நாங்கள் வருவதற்கு முன்பே இந்தப் பக்கத்து வழக்கம் அப்படித்தான். வேலிக்குள் வெட்டிய புல், வேலிக்குப் பின்னால் இருக்கிற மாட்டுக்கு. அதற்குக் காசு கிடையாது. அஞ்சம்மாள் நான்கு பங்களாக்களுக்குப் பால் ஊற்றுவாள். கறவை குறைகிற நாளிலும் மேனேஜர் வீட்டுக்கு முதலில் ஊற்றிவிட்டுத்தான் மற்ற வீடுகளுக்கு. அதுவும் வழக்கம்தான்.

ஜூன் கடைசியில் புல்தரையில் மஞ்சள் திட்டுகள் வந்தன. பிடித்து இழுத்தால் பாய்போலக் கையோடு வந்தது. அடியில் வெள்ளைப் புழுக்கள். பம்பாயிலிருந்து கம்பெனி டைரக்டர் வரப்போவதாகச் சொல்லியிருந்தார்கள். மாலையில் புல்தரையில் டீ. நான் ஆதிகேசவனிடம் மருந்து அடிக்கச் சொன்னேன்.

"வேணாம்மா," என்றான். "அது எண்ட்ரின்னும்மா. தென்னைக்குன்னு வாங்கி வெச்சது. அடிச்சா ஒரு மாசத்துக்கு இந்தப் புல்லுல ஆடு மாடு வாய் வெக்கக் கூடாது."

"இங்கே ஏது ஆடு மாடு?"

"அஞ்சம்மா மாடு துன்ற புல்லாச்சே. புல்லுக்கு ஜொரம்மா இது. ஒரு மழ பேஞ்சா தானா எறங்கிடும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. ஆனால் அன்று மாலை சமையலறை ஜன்னல் வழியாக அவன் அஞ்சம்மாளிடம் பேசியது காதில் விழுந்தது.

"அம்மா புல்லுக்குத் தல வாரி பூ வெக்காத கொறதான். ரெண்டு புழுவப் பாத்துட்டு ராவெல்லாம் தூங்கலியாம்."

"எனுக்கு ஒரு புள்ள, ஒரு மாடு. ரெண்டுத்தையும் சேத்துக்கூட இப்டி பாத்ததில்ல, நைனா," என்று அஞ்சம்மாள் சிரித்தாள்.

அதில் விஷம் இல்லை, ஜெயராஜ். வேலை முடிந்த நேரத்தில் இரண்டு பேர் சிரித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். ஆனால் எனக்குக் காது மடல் சுட்டது. அடுப்படியில் நின்றபடியே நான் வெட்கப்பட்டேன். என் புல்தரை ஒரு மாட்டின் தீனித்தொட்டி என்பது எனக்கு மட்டும் தெரியாமல் இருந்திருக்கிறது என்று தோன்றியது.

வெள்ளிக்கிழமை அவன் தங்கை மகளின் கல்யாணத்துக்காக சூலூர்ப்பேட்டைக்குப் போனான். நான்தான் போய்வரச் சொன்னேன். பங்களா வேலைக்காரர்களின் லீவு எந்த ரிஜிஸ்டரிலும் ஏறாது. அம்மா வாயால் சொன்னால் சரி. திங்கட்கிழமை வரை இருந்துவிட்டு வா என்று சொல்லி, புடவை வாங்கக் கையில் கொஞ்சம் கொடுத்தும் அனுப்பினேன். கல்யாண வீட்டில் இருந்தவர்கள் எல்லோரும் அவனுடைய சொந்தக்காரர்கள். அவர்கள் சாட்சியை இன்ஸ்பெக்டர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆக, அவன் போனதும் திரும்பியதும் நிச்சயமாகத் தெரிந்த வேறொருத்தி நான் மட்டும்தான். அதனால்தான் நீங்கள் வந்திருக்கிறீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை என் கணவர் மெட்ராஸுக்குப் போயிருந்தார். கொட்டகைக்கு இன்னொரு சாவி என் கொத்தில் உண்டு. டின்னில் மண்டையோடு படம் போட்டிருந்தது. நான் கைக்குத் துணி சுற்றிக்கொண்டேன். பூவாளியில் கலந்து, முன்பக்கம் தொடங்கிப் பின்பக்கம் வரை, ஒரு திட்டுகூட விடாமல் ஊற்றினேன். பிறகு பூவாளியை சோப்புப் போட்டு மூன்று முறை கழுவினேன். டின்னை எடுத்த இடத்திலேயே வைத்தேன். பொருளை எடுத்த இடத்தில் வைப்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். யார்மேலும் பழி போட நினைத்து வைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் அவன் வந்து மெஷினைத் தள்ளினான். டைரக்டர் மறுநாள் வருகிறார், வெட்டாமல் இருக்க முடியாது. பாதி வெட்டியதும் நின்று மூக்கை உறிஞ்சினான்.

"இன்னாம்மா வாட இது?"

"பினாயில். வராண்டா கழுவினேன்," என்றேன். அது ஒன்றுதான் நான் சொன்ன பொய்.

அவனிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நீ வேண்டாம் என்றாய், நீ இல்லாதபோது நானே செய்துவிட்டேன் என்று சொல்வது பெரிய காரியமில்லை. ஆனால் அவன் அப்போது சிரிக்க மாட்டான் என்பதும், சாயங்காலம் ஜன்னலுக்கு வெளியே சிரிப்பான் என்பதும் எனக்குத் தெரியும். "இன்னிக்கு புல்லை எரு குழியில போட்டுடு," என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று கேட்டான். ஐயா சொன்னார் என்றேன். சரி என்றான். பிறகு இதை நான் சொன்னபோது இன்ஸ்பெக்டர் தலையாட்டிக்கொண்டே எழுதினார். புல்லைக் குழியில் போடச் சொன்னேன் என்று நான் கொடுத்த வாக்குமூலம் சத்தியமான உண்மை. அம்மா சொல்லியும் கேட்காமல் மாட்டுக்கென்று பின்வாசலில் எடுத்து வைத்திருக்கிறான் என்று அது அவன்மேல் போய் விழுந்தது.

அவன் மாட்டுக்கென்று வைக்கவில்லை. கடைசிப் பெட்டிப் புல்லைக் கூடையில் கொட்டிப் பின்வாசலில் வைத்துவிட்டு, குழியின் மண்ணைக் கிளறப் போயிருந்தான். பக்கத்து பங்களா ரோசம்மாள் என்னோடு கிணற்றடியில் நின்று பேசிக்கொண்டிருந்தாள். அக்கவுண்டன்ட் ஆசீர்வாதத்தின் மனைவி. கேட்டதை நான்கு வீட்டுக்குச் சொல்லாமல் இருக்க மாட்டாள். அப்போதுதான் அஞ்சம்மாள் வந்தாள்.

"குழில போடச் சொன்னீங்களாமே? இன்னாம்மா, புல்லுகூட கம்பெனி சொத்தா பூடுச்சா?" என்றாள். "வாயில்லா ஜீவன் துன்றத மண்ணுக்குப் போட்டா மண்ணு இன்னா கறக்கவா போவுது?"

ரோசம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

சொல்வதற்கு ஒரு வரி போதும். இதில் மருந்து இருக்கிறது, மாட்டுக்குக் கொடுக்காதே. அந்த வரி என் நாக்கின்மேல் இருந்தது. சொன்னால் ஆதிகேசவனுக்குத் தெரியும். ரோசம்மாள் மூலமாக எல்லோருக்கும் தெரியும். சொல்லாவிட்டால், புல்லுக்குக் கஞ்சத்தனம் பிடித்தவள் என்று ஆவேன். இரண்டில் எதையும் என்னால் தாங்க முடியவில்லை.

"எடுத்துக்கோ," என்றேன்.

கூடை கனமாக இருந்தது. ஈரப் புல். தலைக்கு ஏற்ற ஒரு கை வேண்டும். அஞ்சம்மாள் சும்மாடைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு ஆதிகேசவனைக் கூப்பிடப் பார்த்தாள். நான் முன்னால் போய்க் கூடையின் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கிவிட்டேன். அதுவரை நான் அவளுக்கு எதையும் தொட்டுத் தூக்கிவிட்டதில்லை. அவள் முகம் கூடைக்குக் கீழே மலர்ந்து போயிற்று.

"மவராசி," என்றாள்.

வெயிலில் காய்ந்திருக்கும், இரண்டு முறை தண்ணீர் பாய்ந்திருக்கிறது, மருந்து மண்ணுக்குப் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். உண்மையிலேயே அப்படி நினைத்தேன், ஜெயராஜ். பல மாதங்கள் இதையே எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நான் துக்கம் விசாரிக்கப் போனேன். மேனேஜர் மனைவி வந்தாள் என்று குப்பத்தில் பாய் விரித்தார்கள். அஞ்சம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆதிகேசவனை மண்ணை வாரித் தூற்றித் திட்டினாள். என்னை ஒரு சொல் சொல்லவில்லை. "அம்மாவுக்கு இன்னா தெரியும் மருந்தப் பத்தி? அம்மா நல்ல மனசோட தூக்கி வுட்டாங்க," என்று சுற்றி இருந்தவர்களிடம் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பி, ரகசியம்போல, தன் தவறைச் சொல்கிறவள்போலச் சொன்னாள்.

"அன்னிக்கு சாயங்காலம் மாடு செரியா கறக்கலம்மா. அர டம்ளரு ஒரு டம்ளருதான். எப்பவும்னா உங்க ஊட்டுக்கு ஊத்திட்டு பொம்மிக்குக் கஞ்சித் தண்ணிதான் குடுப்பேன். நீங்கதான் பாலு வேணான்ட்டீங்களே. மத்த ஊட்டுக்கு ஊத்தப் பத்தல. சரி, என் புள்ளயாவது ஒரு நாளு குடிக்கட்டுமேன்னு..."

ஆமாம். நான் வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். கூடையைத் தூக்கிவிட்ட கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே, அவள் இரண்டடி நடந்த பிறகு, கூப்பிட்டுச் சொன்னேன். "அஞ்சம்மா, இன்னிக்கு சாயங்காலத்திலேருந்து பால் வேண்டாம். ஒரு வாரத்துக்கு வேண்டாம்." கூடையோடு தலையைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்பி, "நாளிக்கு விருந்தாளி வராங்கன்னீங்களேம்மா?" என்று கேட்டாள். "பவுடர் பால் இருக்கு," என்றேன்.

மறுநாள் டைரக்டருக்கு அந்தப் பவுடர் பாலில்தான் டீ. புல்தரை பச்சையாக இருந்தது. அவர் குனிந்து தொட்டுப் பார்த்துப் பாராட்டினார். அந்த நேரத்தில் பொன்னேரியில் குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

மருந்து மண்ணுக்குப் போயிருக்கும் என்று நம்பியவள் பால் வேண்டாம் என்று ஏன் சொன்னாள்? யாரும் என்னைக் கேட்கவில்லை. நீங்களும் கேட்க மாட்டீர்கள். உங்கள் காகிதத்தில் அந்தக் கேள்வி இல்லை.

"அம்மா?" என்கிறீர்கள். பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, என் பக்கம் நீட்டுகிறீர்கள். காகிதத்தின் அடியில் 'சம்பூர்ணம் பூவராகவன்' என்று டைப் அடித்து, மேலே இடம் விட்டிருக்கிறது. நான் பேனாவை வாங்கிக்கொள்கிறேன். கேட்டுக்கு வெளியே ஆதிகேசவன் அதைப் பார்த்துவிட்டுக் கைகூப்புகிறான். பிறகு, சும்மா நிற்க முடியாமல், கம்பி இடுக்கில் கையை விட்டு, புல்லுக்கு நடுவே முளைத்திருந்த ஒரு கோரையைப் பிடுங்கி வேர் மண்ணை உதறுகிறான். புது ஆள் கோரையைக் கவனிப்பதில்லை.

கையெழுத்துப் போடலாம். அவன் லீவில் இருந்தான் என்பது உண்மை. ஆனால் அவன் இல்லை என்றால் வேறு யார் என்று யாராவது கேட்பார்கள். அப்போது அஞ்சம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதையெல்லாம் திரும்ப நினைத்துப் பார்ப்பாள்.

ஞாபகமில்லை என்று சொல்லி அனுப்பிவிடலாம் என்றும் தோன்றுகிறது. அப்படிச் சொன்னால் அது பொய்யாகிவிடும்.

பேனாவைக் காகிதத்தின்மேல் பழையபடி வைத்து, இரண்டையும் சேர்த்து உங்கள் பக்கம் நகர்த்துகிறேன்.

"என்னால முடியாது, ஜெயராஜ்," என்கிறேன்.

நீங்கள் என்னைப் பார்க்கிறீர்கள். நான் பார்வையைத் தாழ்த்தவில்லை. அவன் விஷயத்தில் இதுவரை ஒரு பொய்கூடச் சொல்லவில்லை என்ற ஒரு நிம்மதி எனக்கு இருக்கிறது. அதை நான் கெடுத்துக்கொள்ள விரும்பவில்லை.