கண்ணாடிக் கடைக்காரர் ஆரம்பித்த தெருக்காவல்

தெருக்காவல் நல்ல ஏற்பாடு சார், அதை மட்டும் நிறுத்திடாதீங்க. ஒரே மாசத்துல எங்க தெருவுல மூணு பித்தளைக் குழாய், கொடியில காய்ஞ்ச துணி, ஒரு சைக்கிள் பம்பு எல்லாம் போச்சு. இதுக்குப் போய் ஸ்டேஷனுக்கு வந்தா நீங்களே சிரிப்பீங்க. அதனால நான்தான் வீடு வீடா ஏறி இறங்கினேன். வீட்டுக்கு ரெண்டு மணி நேரம், முறை வச்சு. புது முகம் வந்தாலோ, யாராவது பெரிய பையோட தெருவைத் தாண்டினாலோ போன் குரூப்புல போட்டுடணும். சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுன்னு நான்தான் சொன்னேன்.

நான் கண்ணாடிக் கடை வச்சிருக்கேன். காவல் இருக்கிறவங்களுக்குக் கண்ணு தெரியணுமில்ல? எல்லாருக்கும் சும்மாவே டெஸ்ட் பண்ணினேன். மாடி வீட்டு ரிட்டயர்டு வாத்தியாருக்கும், துணி தேய்க்கிற அக்காவுக்கும் புது லென்ஸே போட்டுக் கொடுத்தேன். "தம்பி, பஸ் ஸ்டாப்பு போர்டை இங்கிருந்தே படிக்கிறேன்"னு வாத்தியார் பூரிச்சுப் போனார். அந்த அக்கா கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பார்ப்பாங்க. திருட்டு நின்னுடுச்சு.

என் மனைவிக்கு மைனஸ் ஒன்பது. கண்ணாடி இல்லேன்னா நாலடி தள்ளி நிக்கிறவங்க முகம் தெரியாது. தன் கூடப்பிறந்த அக்கா வீட்டுக்கே போயிடறேன்னு அவ சொல்ல ஆரம்பிச்சு ரெண்டு வருஷம் ஆச்சு. எனக்குப் பயமா இருந்துச்சு. அவ போயிட்டா அந்த வீட்டுல நான் என்ன பண்றது? அதனால காலையில கடைக்குப் போகும்போது அவ கண்ணாடியையும் எடுத்துட்டுப் போய் டிராயர்ல வச்சுப் பூட்டிடுவேன். சாயங்காலம் துடைச்சுக் கொண்டாந்து கொடுத்துடுவேன், ஒரு நாள் தவறினதில்லை. புதுசு வேணும்னாலும் அவ என்கிட்டதானே வந்தாகணும். நான் அவளைக் கை நீட்டி அடிச்சதே கிடையாது, யாரை வேணும்னாலும் கேளுங்க.

அன்னைக்கு மதியம் குரூப்புல ரெண்டு செய்தி. "கண்ணாடிக் கடை வீட்டம்மா பெரிய பையோட போறாங்க, சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு"ன்னு தேய்க்கிற அக்கா. "ரோட்டோரம் நிக்கிறாங்க, தாண்டத் தெரியாம"ன்னு வாத்தியார். பாவம், அவங்க தப்பா நினைச்சுப் போடல. நான் கடையைச் சாத்திட்டு வண்டியை எடுத்தேன்.

அவ போகவேண்டிய பஸ் எதிர்ப்பக்கம் வரும். ஹெல்மெட்டைக் கழட்டாமலே அவ பக்கத்துல போய் நின்னேன். "அண்ணே, கொஞ்சம் அந்தப் பக்கம் கொண்டுபோய் விடறீங்களா? எனக்குக் கண்ணு சரியாத் தெரியாது"ன்னா. என்கிட்ட அவ அவ்வளவு தன்மையாப் பேசி எத்தனையோ நாள் ஆச்சு. கையை நீட்டினேன், கெட்டியாப் பிடிச்சுக்கிட்டா.

பாதி ரோட்டுல அவ விரல் என் கட்டைவிரல்ல பட்டுச்சு. லென்ஸ் தேய்க்கிற மெஷின்ல வெட்டினது, அதுல நகம் சரியா வளராது. "நீங்களா?"ன்னு கேட்டா. சத்தமாக்கூடக் கேட்கல.

லாரி வர்றது எனக்கு நல்லாவே தெரிஞ்சுது. அவ கையை உதறினா. நான் இழுத்துப் பிடிச்சிருக்கலாம், என் பிடி கெட்டிப் பிடி. விரலை விரிச்சு விட்டுட்டேன். அவ என்னை விட்டு விலகி ஓடினா, லாரி வந்த பக்கமாவே. ஹெல்மெட்டோட அவ பக்கத்துல போகும்போதே இப்படித்தான் முடிக்கப்போறேன்னு எனக்குத் தெரியும். விபத்துன்னு நான் சொன்னது பொய்.

வாத்தியார் மாடியிலிருந்து எடுத்த போட்டோவை நீங்க காட்டினீங்க. அந்த ஹெல்மெட் என்னோடதுதான். "யாரோ நல்ல மனுஷன் கை கொடுக்கிறார்"னு அதுக்குக் கீழே எழுதியிருக்கார்.

எழுதிக்குங்க சார், நான்தான் கொன்னேன். ஆனா இதையும் சேர்த்து எழுதிக்குங்க. தெருவே நின்னு பார்த்துக்கிட்டு இருந்துச்சு. இறங்கி வந்து அவளுக்குக் கை கொடுத்தது நான் ஒருத்தன்தான்.