எஸ்ஸுக்கு முன்னால் ஒரு மேல்கமா

இங்கிலீஷ் இலக்கணத்தில் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிற பாடம்கூட ஒன்று உண்டு என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள். ப்ரீத்தி நடத்தி நீங்கள் பார்த்ததில்லை, அதனால்தான். பாளையங்கோட்டையில் நான் வைத்திருக்கும் டியூஷன் சென்டரில் அவள் ஆறு வருடமாக டீச்சர். இன்னாருடையது என்று காட்ட எஸ் எழுதி மேலே ஒரு கமா போடுவோமே, அபாஸ்ட்ரபி, அதைப் பிள்ளைகள் மேல்கமா என்பார்கள். ப்ரீத்தி ஒரு பிள்ளையிடம் எஸ் அட்டையைக் கொடுத்து நிறுத்துவாள். ஜாய்சி என்கிற வாலுதான் மேல்கமா. ஜாய்சி எஸ்ஸுக்கு முன்னால் நின்றால் முறுக்கு டப்பா ஒரே ஒருத்தருக்குச் சொந்தம். பின்னால் நின்றால் எல்லோருக்கும் சொந்தம். அவளைப் பின்னால் தள்ள நடக்கிற அமளியில் தெருவே திரும்பிப் பார்க்கும்.

நானும் வாசலில் நின்று சிரிப்பேன். எனக்கு வேறு யார் இருக்கிறார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதில் வருத்தமும் இல்லை. கல்லிடைக்குறிச்சியிலிருந்து காலை ரயிலில் ப்ரீத்தி வந்து இறங்கினால்தான் எனக்குப் பொழுது விடியும். மத்தியானம் ஒரே மேஜையில் சாப்பிடுவோம். அவள் அக்ரஹாரத்துப் பெண். கடற்கரையில் பிறந்த நான் அவளுக்காக மத்தியானச் சாப்பாட்டில் மீனையே விட்டுவிட்டேன். எங்கள் ஊரில் இதைச் சொன்னால் எனக்கு மந்திரிக்கக் கூட்டிப் போவார்கள்.

ஜோஷுவாவும் எங்கள் கடற்கரைப் பையன்தான், புன்னக்காயல். தூத்துக்குடியில் கப்பல் ஏஜெண்டிடம் வேலை. பெரியவர்களுக்கான ஞாயிற்றுக்கிழமை இங்கிலீஷ் வகுப்புக்கு வந்தவன் ப்ரீத்தியிடம் மனதைக் கொடுத்துவிட்டான். அவளுக்கும் பிடித்திருந்தது. தன் வீட்டில் எப்படியோ பேசிச் சரிக்கட்டினாள். அவனுக்கு ஒரே நிபந்தனை போட்டாள். அப்பா, அம்மா இருவருமே மனதாரச் சம்மதிக்க வேண்டும். முகம் கொடுத்துப் பேசாத மாமியாரிடம் தன் அக்கா படும் பாட்டைப் பார்த்தவள் அவள். பதிலையும் வாட்ஸ்அப்பில் அனுப்பக்கூடாது, இங்கிலீஷில் கைப்பட எழுதித் தரவேண்டும் என்றாள். டீச்சர் அல்லவா.

அவன் கடிதத்தோடு வந்த அன்று ப்ரீத்தி ஆழ்வார்திருநகரி கோயிலுக்குப் போயிருந்தாள். அவனுக்கோ அன்று சாயங்காலமே சரக்குத் தோணியில் மாலத்தீவுக்குப் புறப்பாடு. பன்னிரண்டு நாளைக்குப் போன் கிடைக்காது. முகமெல்லாம் பல்லாக நின்றான்.

"அப்பா அன்னைக்கே சரின்னுட்டாவ. அம்மதான் பிடிகுடுக்கல. நேத்து அவியளும் சரின்னுட்டாவ டீச்சர். ஒரு தடவ பாத்துட்டு அவ கையில குடுத்துருங்க. தப்பு கெடந்தா திருத்திருங்க."

பார்த்தேன். என் பெற்றோரின் சம்மதம் கிடைத்துவிட்டது என்று எழுதியிருந்தான். பேரண்ட்ஸ், எஸ்ஸுக்குப் பின்னால் மேல்கமா. ஒரு தப்பும் இல்லை. பாதி பிளேடால் அந்தக் கமாவைப் பையச் சுரண்டிவிட்டு, அதே நீல மையில் எஸ்ஸுக்கு முன்னால் ஒன்று போட்டேன். இப்போது அப்பா, அம்மா இருவரில் ஒருவருக்கு மட்டும்தான் சம்மதம். ஓர் எழுத்தைக்கூட நான் மாற்றவில்லை. பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லும் அளவுக்கு இதில் என்ன இருக்கிறது.

மறுநாள் ப்ரீத்தி அதை மூன்று தரம் படித்தாள். வேறு பெண்ணாக இருந்தால் கண்ணிலேயே பட்டிருக்காது.

"ஒருத்தர் சம்மதம்தான் இருக்கு மிஸ். அத வாய்விட்டுச் சொல்ல தைரியமில்லாம கமாவுல ஒளிச்சு வச்சிருக்கார்."

கைதவறிப் போட்டிருப்பானோ என்று அவளே கேட்டாள். இந்தப் பாடத்தில் அவனுக்குத் தப்பு வராது, நீதானே நடத்தினாய் என்றேன். உண்மைதானே. அன்றே அவன் எண்ணை பிளாக் செய்தாள். நாலு நாள் அழுதாள், நான் காப்பி போட்டுக் கொடுத்தேன். ஐந்தாம் நாள் ஜாய்சியின் அமளி பழையபடி தெருவைக் கூட்டியது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். திரும்பி வந்த ஜோஷுவா இரண்டு முறை வாசல்வரை வந்தான். அவள் உன்னைப் பார்க்க விரும்பவில்லை என்றேன். அதுவும் உண்மைதான்.

போன மாதம் அவன் அம்மா வந்தார். கையில் தானே சுட்ட கேக்.

"எம் மவன்ட்ட என்ன கொறை கண்டா அந்தப் பிள்ள? நான் மொதல்ல வேண்டாம்னது வாஸ்தவந்தான். பெறவு நானே மனசார சரின்னேம்லா. ஒரு வார்த்த பேசிட்டுப் போயிருதேன்."

மாடியில் வகுப்பு நடக்கிறது, தொந்தரவு செய்யக்கூடாது என்றேன். பிள்ளைகள் சிரிக்கிற சத்தம் கேட்டது. அவர் மாடிப்படியைப் பார்த்துவிட்டு, கேக்கை என் கையில் வைத்தார்.

"அப்ப இதையாவது குடுத்துருங்க. முட்ட போடல. அவ தின்பால்லா."

கொடுத்தேன். நாலு மணிக்கு டீயோடு வெட்டினோம், நல்ல ருசி. பேரண்ட்ஸ் யாராவது கொண்டுவந்தார்களா என்று ப்ரீத்தி கேட்டாள். பேரண்ட்ஸ் இல்லை, ஒருத்தர்தான் என்று திருத்தினேன். பொய் சொல்லும் பழக்கம் எனக்கு என்றைக்குமே கிடையாது.