பைப்பின் மேல் ஏறிக் குதித்தவர்

தானா ராத்தா டவுனிலிருந்து எஸ்டேட் லோரியில் திரும்பிக்கொண்டிருந்தோம். பின்தட்டில் எனக்கு எதிரே இரண்டு பேர். ஒருவர் எஸ்டேட் லோரிப் பட்டறையில் புதிதாகச் சேர்ந்தவர். மற்றவர் தேயிலை ஆலை ஃபிட்டர். புதியவர்தான் பேச்சைத் தொடங்கினார்.

“நேத்து டயர் மாத்தப் போனா, சக்கரத்து நட்டெல்லாம் துருப்புடிச்சு இறுகிப் போச்சுண்ணே. நானும் மச்சானும் ஸ்பேனர்ல நீட்டுப் பைப்பு சொருகி, அது மேல ஏறிக் குதிச்சோம்லா.”

“ஐயோ! ஜாக்குல தூக்கி வச்சுக்கிட்டா?”

“நான் அவ்ளோ மடையனா? சக்கரம் தரையிலதான் இருந்துச்சு. கட்டையும் வச்சேன், எண்ணெயும் ஊத்தினேன்.”

“எந்தப் பக்கத்துச் சக்கரம்?”

“இடது பக்கம், பின்னால.”

“எப்படித் திருப்புனே?”

“எப்பவும் போல இடது பக்கமாத்தான்.”

“அடப்பாவி! பழைய லோரில இடது சக்கரத்துக்கு மரை தலைகீழ்டா. வலது பக்கமாத் திருப்பணும். போல்ட்டு முனையில லெப்டுக்கு ‘எல்’னு போட்டிருக்குமே, பாக்கலையா?”

“எங்கண்ணே தெரியுது? ஆயுத பூசைக்கு வருசா வருசம் சில்வர் சாயம் அடிச்சு மூடி வச்சிருக்காங்க.”

“அப்ப நீங்க குதிச்சுக் குதிச்சு இறுக்கியிருக்கீங்க!”

“ரெண்டு நட்டு டப்புன்னு கையோட வந்துச்சே?”

“போல்ட்டு ஒடிஞ்சிருக்குடா! மிச்சம்?”

“அசையல. மழை வந்துச்சு, அப்படியே விட்டுட்டேன்.”

“டிரைவர்கிட்ட சொன்னியா?”

“இன்னும் இல்லண்ணே.”

“எந்த லோரி?”

புதியவர் மெதுவாகக் குனிந்து, தம் காலடியில் அதிர்ந்துகொண்டிருந்த பலகையைப் பார்த்தார்.

ஃபிட்டர் எழுந்து, டிரைவர் தலைக்கு மேலிருந்த தகரத்தை இரண்டு கையாலும் அறையத் தொடங்கினார். லோரி ரிங்லெட் மலை இறக்கத்தில் வளைந்துகொண்டிருந்தது.