மரத்தடி மண்

– இது நம்ம தோட்டத்து மண்ணா?

– பின்ன? பக்கத்துக் காட்டுல கடன் வாங்கிட்டு வந்தேனா? மண் பரிசோதனை பண்றவ நீதானே, பண்ணிப் பாரு.

– பண்ணாமலே சொல்றேன். இவ்வளவு கறுப்பா இருக்காது.

– மழை பேஞ்சுது... அதான். ஆமா, மேஜைக்கு அடியில என்ன வச்சிருக்க? கால்ல இடிக்குது.

– லேப் சாமான். உதைக்காதீங்க. எங்க தோண்டினீங்க?

– தோட்டத்துலதான்.

– தோட்டத்துல எங்க?

– நீ சொன்னபடிதான். மேல கிடந்த சருகைத் தள்ளிட்டு, ஒரு சாண் ஆழம்...

– சருகா?

– ஆமா, சருகுதான்.

– அத்தனை மரத்தையும் வெட்டிட்டு, சோளம் போட்டு, டிராக்டர் விட்டுப் புரட்டிப் புரட்டி எடுத்த இடத்துல சருகு எங்கிருந்து வந்துச்சு?

– திரும்பக் கன்னு வச்சிருக்கேன்ல? அதுங்க உதிர்த்தது.

– முழங்கால் உயரக் கன்னுங்க! புருஷன்னு பாக்கறேன், இல்லேன்னா சிரிச்சிருப்பேன்.

– சரி, சரி... கிணத்தடி மரத்துக்குக் கீழ எடுத்தேன்.

– மரத்தடியில எடுக்கவே கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!

– நான் வெட்டாம விட்டது அது ஒண்ணுதான். நீ கட்டிப் பிடிச்சுக்கிட்டு நின்ன மரம்... நல்ல மண்ணு இப்ப அங்க மட்டும்தான் இருக்கு.

– இருக்காதா பின்ன? இலையும் வேரும் மக்கி மக்கி, வருஷக்கணக்கா சேர்ந்த கார்பன். உழுது புரட்டினா கொஞ்சம் கொஞ்சமா காத்தோட போயிடும். சத்தும் பின்னாலயே போயிடும்.

– போயிடுச்சுதான். முதல் வருஷம் சோளம் ஆளுயரம் நின்னுச்சு. அப்புறம் இடுப்பைத் தாண்டல. உழறதையே விட்டுட்டேன்... இந்தா, இந்த இன்னொரு பையில இருக்கறதுதான் நிஜ மண்ணு.

– காட்டுங்க... ம்... வெளிறிப் போய்க் கிடக்கு. பிடிச்சா உருண்டையே நிக்கல.

– எப்பதான் பழையபடி ஆகும்?

– வெட்டறதுக்கு ஒரு வாரம் பத்துச்சு உங்களுக்கு. இதுக்கு நம்ம ஆயுசு பத்தாது.

– என்ன இப்படிச் சொல்ற? "மண்ணு பழையபடி ஆகட்டும், அன்னிக்கு வர்றேன்"னு சொல்லிட்டுத்தானே கிளம்பி வந்த?

– கோவத்துல சொன்னது.

– நான் அதைத்தான் பிடிச்சுக்கிட்டுத் தொங்கறேன். கன்னு கன்னா குடத்துல தண்ணி சுமக்கறேன். உக்காந்தா சோறு இறங்கல. உன் குரல் கேக்காம அந்த வீட்டுல இருக்கவே முடியல. இந்தக் கறுப்பு மண்ணைக் காட்டினாலாவது வருவியான்னு...

– அதுக்காக எங்கிட்டயே தில்லுமுல்லா?

– வேற யாருகிட்ட பண்ணச் சொல்ற? ...சரி. ஆயுசு பத்தாதுன்னு நீயே சொல்லிட்ட. வர்றேன். பஸ்ஸுக்கு நேரமாச்சு.

– கன்னுங்களுக்கு இன்னிக்குத் தண்ணி ஊத்தியாச்சா?

– இனிமே போய்த்தான் ஊத்தணும்.

– தனியாவா?

– கூட யாரு இருக்கா?

– மண்ணு எடுத்துட்டு வர்றேன்னு காலையில போன் பண்ணீங்களே, வச்ச கையோட கட்டிட்டேன். நாளையிலிருந்து வேலைக்கு வீட்டுலேருந்தே வந்துக்கறேன். கால்ல இடிச்சது லேப் சாமான் இல்ல, என் பெட்டி. தூக்குங்க, பஸ் போயிடப் போகுது.